முதுகெலும்பும் முழு உண்மையும்

மருத்துவ ஆராய்ச்சிக்கு முதுகெலும்பு எது? கண்டதை ஒளிக்காமல் கூறும் நேர்மையே என்பேன். முதுகெலும்பு அறுவை மருத்துவத்திலேயே இதற்கொரு சான்று உண்டு.

அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்க, நோயாளியின் இடுப்பிலிருந்து சிறிது எலும்பை எடுத்து வைப்பது நெடுநாள் வழக்கம். எடுத்த இடத்தில் வலி நீடிப்பதுண்டு. அந்தத் துன்பமின்றி எலும்பை வளரச் செய்யும் 'இன்ஃப்யூஸ்' என்னும் புரதத்திற்கு 2002ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. தயாரித்த நிறுவனத்தின் பொருளுதவியுடன் நடந்த ஆய்வுகள் 13. அவற்றில் அப்புரதம் பெற்ற நோயாளிகள் 780 பேர். அதனால் விளைந்ததாகக் கூறப்பட்ட தீங்கோ பூஜ்யம்!

அந்தப் பூஜ்யம் நிலைக்கவில்லை. கழுத்தில் பயன்படுத்தியபோது வீக்கம் மூச்சுக்குழலையே நெருக்கியதுண்டு என 2008இல் அதே நிர்வாகம் எச்சரித்தது. 2011இல் டாக்டர் யூஜீன் காரஜியும் அவர் குழுவினரும் பழைய கட்டுரைகளை அரசு ஆவணங்களோடு ஒப்பிட்டனர். பயன்படுத்தும் இடத்தையும் முறையையும் பொறுத்து நூற்றுக்குப் பத்து முதல் ஐம்பது பேர் வரை தீங்குற்றிருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டனர். பின்னர் அந்நிறுவனமே தன் தரவுகளை யேல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது, அது பாராட்டத்தக்கதே. அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்த இரு குழுக்கள், பழைய முறையைவிடப் புதியது பெரிதாக மேம்பட்டதன்று என 2013இல் தெரிவித்தன.

தீங்குகளை எல்லாம் வெளியிட்டால் நோயாளிகள் அஞ்சுவர், புதுமை தடைபடும் என்பார் சிலர். அறுவைக்கு இசைந்து கையொப்பமிடுபவர் தம் உடலையே ஒப்படைக்கிறார். அவரிடம் பாதி உண்மையைச் சொல்லிப் பெறும் இசைவு இசைவாகுமா? ஆகவே, சிகிச்சையால் இலாபம் பெறுவோரே அதன் தீங்கையும் எண்ணும் நிலை மாறவேண்டும்; ஆய்வுத் தரவுகள் பிறர் சரிபார்க்கத் திறந்திருக்கவேண்டும்.

மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் என்றார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். இக்காலத்தில் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்கலாம். அவர் நேர்மையான கணக்கர்.

மாணவ நண்பர்களே! இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. எதிர்பார்த்த விடை வரவேண்டுமென்று செய்முறை ஏட்டில் அளவீட்டைத் திருத்தும் கைதான், நாளை ஆய்வுக் கட்டுரையிலும் பூஜ்யம் எழுதும். வந்த அளவை வந்தபடியே எழுதப் பழகுவோம்.