கனம் இருந்தால் போதுமா?

மாதிரி விமானங்களைச் சேகரிப்பவர் கடைக்குள் நுழைந்ததும் முதலில் செய்யும் காரியம் என்ன? விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுதான். கனமாக இருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். "நல்ல சரக்கு!" என்பார். அடுத்தபடியாக வர்ணத்தின் பளபளப்பைப் பார்ப்பார். பெட்டியின் மேல், "சொற்ப எண்ணிக்கையிலேயே தயாரிக்கப்பட்டது" என்று அச்சிட்டிருந்தால் மறு பேச்சே கிடையாது. பணப்பை திறந்துவிடும்.

கனமும் பளபளப்பும் கெட்ட குணங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், மேஜை மீதுள்ள காகிதம் பறக்காமல் இருக்க வைக்கும் இரும்புக் குண்டுக்குக்கூடக் கனம் உண்டு. மாதிரி விமானம் என்பது வானில் பறந்த ஒரு குறிப்பிட்ட விமானத்துக்குச் சாட்சி. அந்தச் சாட்சி உண்மை பேசுகிறதா என்பதே முதல் கேள்வி. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை விளங்கிக் கொள்ள 'காமெட்' விமானத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

காமெட்டின் கதை

பிரிட்டனில் டி ஹாவிலண்ட் கம்பெனி கட்டிய காமெட், 1949-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி முதன் முதலாக வானில் எழும்பியது. 1952-ம் ஆண்டு மே 2-ந் தேதி, பி.ஓ.ஏ.சி. கம்பெனியின் காமெட் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து ஜோஹானஸ்பர்குக்குப் புறப்பட்டது. உலகில் ஜெட் விமானப் பிரயாணப் போக்குவரத்து தொடங்கியது அன்றுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் காமெட் வந்தது. நான்கு எஞ்சின்களும் இறக்கையின் அடியில் தொங்காமல், இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தன. பார்த்தவர்கள் அதன் அழகில் மயங்கினார்கள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2-ந் தேதி, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று புயலில் சிக்கிச் சிதறியது. 43 பேர் மாண்டனர். 1954 ஜனவரி 10-ந் தேதி, 'யோக் பீட்டர்' என்று அழைக்கப்பட்ட காமெட், ரோமிலிருந்து புறப்பட்டு எல்பா தீவின் அருகே கடலில் விழுந்தது. 35 பேர் மாண்டனர். ஏப்ரல் 8-ந் தேதி நேபிள்ஸ் அருகே இன்னொரு காமெட் விழுந்து 21 பேரைப் பலி கொண்டது.

நிபுணர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பார்ன்பரோ என்ற இடத்தில் பிரம்மாண்டமான ஒரு தொட்டி கட்டி, முழுக் காமெட் ஒன்றின் உடலை நீரில் அமிழ்த்தினார்கள். விமானம் உயரே போய் இறங்கும்போதெல்லாம் அதன் உடல் காற்றழுத்தத்தால் விம்மித் தளர்கிறது அல்லவா? அதே அழுத்தத்தை நீரினால் மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மையான பயணங்களையும் சேர்த்து 3,057-வது சுற்றில் உடல் கிழிந்தது. கிழிசல் தொடங்கியது ஜன்னல் திறப்பின் மூலையில். உலோகம் களைத்துப் போயிருந்தது. கடலிலிருந்து மீட்ட யோக் பீட்டரின் கூரைத் துண்டிலும், திறப்பு ஒன்றின் மூலையிலேதான் வெடிப்பு தொடங்கியிருந்தது.

இந்தப் பாடத்தைக் கற்ற பிறகு காமெட் 4 பிறந்தது. அதன் ஜன்னல்கள் முட்டை வடிவம். உலோகத் தகடும் தடித்தது. 1958 அக்டோபர் 4-ந் தேதி அது அட்லாண்டிக் கடலைப் பிரயாணிகளுடன் கடந்தது.

ஜன்னல் சொல்லும் உண்மை

இப்போது மாதிரி விமானத்துக்கு வருவோம். பெட்டியின் மேல் "காமெட் 1" என்று எழுதி, விமானத்தின் உடலில் யோக் பீட்டரின் பதிவு எழுத்துக்களையும் பொறித்துவிட்டு, முட்டை வடிவ ஜன்னல்களை அச்சிட்டால் அதற்கு என்ன பெயர்? அது சிறு பிழை அல்ல. 35 பேர் எதனால் மாண்டார்கள் என்ற விஷயத்தையே அந்தப் பொம்மை மறைத்துவிடுகிறது. காமெட் 1-க்கு மூலைகள் சற்றே வளைந்த சதுர ஜன்னல்கள்தான் உண்டு. அவை இல்லாவிட்டால் அது காமெட் 1 அல்ல.

இத்தகைய தவறுகள் ஏன் நேர்கின்றன? காரணம் எளிது. உலோகத்தை உருக்கி வார்க்கும் எஃகு அச்சுக்குத்தான் செலவு அதிகம். வர்ணத்துக்கு அவ்வளவு செலவில்லை. ஆகவே ஒரே அச்சில் வார்த்த உடலுக்கு வெவ்வேறு கம்பெனிகளின் வர்ணத்தைப் பூசி விற்கும் ஆசை எழுகிறது. காமெட் 4-ஐவிட 4பி-க்கு உடல் நீளம், இறக்கை குட்டை. 4-ன் இறக்கை முன்விளிம்பில் துருத்திக்கொண்டிருக்கும் எண்ணெய்த் தொட்டிகள் 4பி-யில் இல்லை. 4சி-யோ, 4பி-யின் உடலும் 4-ன் இறக்கையும் சேர்ந்தது. மூன்றுக்கும் ஒரே அச்சு என்றால், குறைந்தது இரண்டு பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

அடிக்கோல் போதும்

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. அடிக்கோலும் பூதக்கண்ணாடியும் போதும். காமெட் 1-ன் நீளம் 93 அடி; இறக்கை அகலம் 115 அடி. நானூறில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரியில் நீளம் சுமார் 7.1 சென்டிமீட்டரும், இறக்கை சுமார் 8.8 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும். நீளத்தைவிட அகலம் கூடுதல்! இந்த விகிதம் தலைகீழாக இருந்தால், கையில் இருப்பது வேறு விமானம். காமெட் 4பி என்றால் நீளம் சுமார் 9 சென்டிமீட்டர், இறக்கை சுமார் 8.2 சென்டிமீட்டர்.

அளவு சரியென்றால் மூக்கைப் பார்க்க வேண்டும். விமானிகளின் கண்ணாடிகள் மூக்கின் வளைவோடு ஒட்டி அமைந்திருப்பது காமெட்டின் முகலட்சணம். பிறகு சக்கரங்கள். முதன் முதலில் பறந்த சோதனை விமானத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு பெரிய சக்கரம். பிரயாணிகளை ஏற்றிய விமானங்களுக்கு ஒவ்வொரு பக்கமும் நான்கு சக்கரங்கள்.

கடைசியில்தான் கைவேலை. இறக்கை உடலில் சேரும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி இருக்கலாகாது. ஜன்னல் வரிசையோடு ஓடும் வர்ணப்பட்டை மூக்கிலிருந்து வால்வரை நூல் பிடித்தாற்போல் போக வேண்டும். பட்டையும் எழுத்தும், மெத்தென்ற திண்டில் மையை எடுத்து ஒற்றி அச்சிடப்படுபவை. ஒற்றுகிறவர் கை கொஞ்சம் தவறினாலும் ஜன்னல் பட்டைக்கு வெளியே போய்விடும்.

மன்னிக்கத் தக்கவை

குற்றம் காண்பதையே தொழிலாகக் கொண்ட சேகரிப்பாளர்களும் உண்டு. இறக்கையின் பின்விளிம்பு தடித்துவிட்டது, வானொலிக் கம்பி பருத்துவிட்டது என்று அவர்கள் முகம் சுளிப்பார்கள். இது நியாயமல்ல. உண்மையான தடிப்பை நானூறால் வகுத்தால் உருகிய உலோகம் அச்சுக்குள் ஓடவே இடமிராது. உலோகத்தால் இயலாததைச் செய்யவில்லை என்று தொழிலாளியைக் குறை கூறலாமா? கையால் இயலாதது வேறு. கவனிக்காமல் விட்டது வேறு. முன்னதை மன்னிக்கலாம். சதுரத்துக்குப் பதில் முட்டையை அச்சிட்டது பின்னதைச் சேர்ந்தது.

உள்ளிருந்து அரிக்கும் நோய்

கனத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. இந்த விமானங்கள் இரும்பும் அல்ல, வெள்ளியும் அல்ல. துத்தநாகத்தோடு சுமார் நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியமும், சொற்பமாக மக்னீசியமும், சிலவற்றில் தாமிரமும் சேர்ந்த 'ஜமாக்' என்ற கலப்பு உலோகம். இதில் துளி ஈயம் கலந்துவிட்டாலும் போதும். வெளியே பளபளப்பு குன்றாமல் இருக்க, உள்ளே உலோகம் மெல்ல மெல்ல அரிக்கும். பல ஆண்டுகள் கழித்து இறக்கை வீங்கி, வெடிப்பு விட்டு, கடைசியில் பிஸ்கோத்துபோல் உதிரும். இதற்கு மருந்து கிடையாது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி செய்த 'டிங்கி' பொம்மை விமானங்கள் பல இந்த நோய்க்கு இரையாயின. உஷ்ணமும் ஈரமும் நோயை விரட்டி வளர்க்கும். பழைய மாதிரியை வாங்குகிறவர், பளபளப்பைப் பார்க்குமுன் இறக்கையின் அடிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று பார்ப்பது நலம்.

"பொம்மைதானே!"

"ஒரு பொம்மைக்கா இத்தனை விசாரணை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குழந்தை தரையில் ஓட்டி விளையாடும் விமானத்துக்கு ஜன்னல் எந்த வடிவில் இருந்தால் என்ன? டிங்கி கம்பெனி 1950-களில் காமெட் பொம்மை செய்தது. அதை வாங்கிய சிறுவனுக்கு அது கையில் அகப்பட்ட ஆகாயம். அதைப் பிழை சொல்லுகிறவன் கல்நெஞ்சன்.

ஆனால் "அசலின் அச்சான பிரதி" என்று சொல்லி, பெரியவர்களிடம் பெரிய விலை வாங்கும் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. விலையை நியாயப்படுத்துவது அந்த ஒரு வாக்குறுதிதான். வாக்குறுதி பொய்த்தால், எண்ணிட்ட சான்றிதழும் வெல்வெட்டுப் பெட்டியும் அதை ஈடு செய்யா.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அசல் சதுர ஜன்னல்களோடு இன்று எஞ்சியிருக்கும் காமெட் 1 உடல் ஒன்றே ஒன்றுதான். அது இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் மியூசியத்தில் இருக்கிறது. யோக் பீட்டரின் கூரைத் துண்டு லண்டன் விஞ்ஞான மியூசியத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் போய்ப் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு அந்த விமானம் என்பது அலமாரியில் நிற்கும் 7 சென்டிமீட்டர் உலோகம்தான். வீட்டுப் பிள்ளை அதைக் காட்டி, "இதன் ஜன்னல் ஏன் சதுரமாக இருக்கிறது?" என்று கேட்டால், ஒரு பெரிய பாடம் தொடங்கும். ஜன்னல் தவறாக இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

ஆகவே, அடுத்த தடவை கடைக்குப் போகிறவர் உள்ளங்கையில் எடை பார்ப்பதைச் சற்றுத் தள்ளி வைக்கட்டும். முதலில் ஜன்னலைப் பார்க்கட்டும்.