பின்தொடரும் நிழல்கள்

பெண்களின் முன்னேற்றத்தில் மிதிவண்டிக்கும் ஒரு பங்கு உண்டு. பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் இலவச மிதிவண்டி, எத்தனையோ கிராமத்து மாணவியரை மேல்நிலைப் பள்ளிக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆனால் அந்த வண்டியின் பின்னே சில வேளைகளில் வேண்டாத நிழலொன்றும் வருகிறது.

யாரேனும் பின்தொடர்ந்தால் அதை வீட்டில் சொல்ல நம்மில் பலர் அஞ்சுகிறோம். ஏன்? சொன்னால் மறுநாளே மிதிவண்டி பறிபோகும்! தவறு செய்தவன் தெருவில் திரிய, தவறு செய்யாதவள் வீட்டில் அடைபடுவதா? வண்டியைப் பறிப்பது பாதுகாப்பு அன்று. தற்காக்கும் வழியைக் கற்பிப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

பின்னால் வரும் வண்டி நம்மைத்தான் தொடர்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஆள் நடமாட்டமுள்ள தெருக்களில் ஒரே பக்கமாக நான்கு முறை திரும்பினால், புறப்பட்ட தெருவுக்கே வந்துவிடுவோம். காரணமின்றி எவரும் அப்படிச் சுற்றமாட்டார். அப்போதும் அதே வண்டி பின்னால் வந்தால், வீட்டுக்கு விரையக் கூடாது. நம் வீட்டை நாமே அவனுக்குக் காட்டிக் கொடுத்தவர் ஆவோம். கடை, பெட்ரோல் பங்க், ஆலயம், காவல் நிலையம் என மனிதர் உள்ள இடத்தில் நிற்க வேண்டும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 112 அல்லது சிறுவர் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாமலும் தொடர முடியும். 2021-இல் ஆப்பிள் நிறுவனம் 'ஏர்டேக்' என்னும் சிறு வில்லையை வெளியிட்டது. தொலைந்த சாவியையும் பையையும் தேடிக் கண்டுபிடிக்கவே அது உண்டாக்கப்பட்டது. அருகில் செல்லும் கைப்பேசிகளின் உதவியால் தான் இருக்குமிடத்தை அது தெரிவிக்கும். ஒரு மின்கலத்தில் ஏறத்தாழ ஓராண்டு உழைக்கும். தீயோர் அதைப் பிறர் வாகனங்களில் ஒளித்து வைத்தனர். ஆகவே 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் இணைந்து, இத்தகைய கருவி நம்முடன் நகர்ந்தால் ஐபோன், ஆண்ட்ராய்டு ஆகிய இருவகைக் கைப்பேசிகளும் எச்சரிக்க ஏற்பாடு செய்தன. அந்த எச்சரிக்கை வந்தால் அலட்சியம் செய்யாமல் இருக்கையின் அடியிலும், மட்கார்டின் உட்புறத்திலும், ஸ்கூட்டரின் டிக்கியிலும் தேட வேண்டும். கிடைத்ததைத் தூக்கி எறியாமல், பெற்றோருடன் சென்று காவலரிடம் ஒப்படைப்பதே நலம். அதிலுள்ள எண் உரியவனைக் கண்டுபிடிக்க உதவும்.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. பாலியல் தீய நோக்கத்துடன் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரை அடிக்கடி பின்தொடர்வது, 2012-இன் போக்சோ சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாகும்.

அன்புப் பெற்றோரே! மகள் வந்து சொல்லும்போது, "நீ ஏன் அந்த வழியே போனாய்?" என்று கேட்காதீர்கள். "வண்டி எண் என்ன?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே அவள் அச்சம் பாதி அகன்றுவிடும்.

தோழியரே! காவல் சம்மனசு நம்முடன் வருகிறார் என்பது நம் விசுவாசம். கண்ணும் அறிவும் நாவும் இறைவன் தந்தவையே அல்லவா? பார்ப்போம், சிந்திப்போம், துணிந்து சொல்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி