பெட்டிக்குள் தமிழுக்கு இடமில்லையா?

தமிழன் தன் உழைப்பின் ஊதியத்தால் வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டியுள்ள இணையத் திசைவி, அவன் தாய்மொழியில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. 192.168.1.1 போன்றதொரு முகவரியை உலாவியில் இட்டால் ஒரு பக்கம் விரியும். கடவுச்சொல்லை மாற்றுதல், மென்பொருளைப் புதுப்பித்தல், அயலார் நுழையும் வாயிலை அடைத்தல் யாவும் அதில் உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் அவை ஆங்கிலத்திலேயே உண்டு. வீடு நம்முடையது, பொருள் நம்முடையது, மொழி மட்டும் அயலானுடையதா?

ஏன் என்று கேட்டால், பொறியியல் கற்ற தமிழரே விடை கூறுகின்றனர்: “பெட்டிக்குள் பதித்துள்ளது மிகச் சிறிய வலைவழங்கி, அதன் நினைவகம் தமிழைத் தாங்காது.” இஃது அறியாமையா? அடிமையுணர்வா?

எழுத்துருவைப் பெட்டி சுமக்க வேண்டுவதே இல்லை. எழுத்தை வரைவது நம் கையிலுள்ள செல்பேசியின் உலாவி. வழங்கி குறியெண்களை அனுப்பி, ‘இவை யூ.டி.எப்-8’ என்று தலைப்பில் ஒரு வரி அறிவித்தால் போதும். ஒருங்குறியின் 1991-ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது.

இனி இடத்தைக் கணக்கிடுவோம். அம்முறையில் தமிழ்க்குறி ஒன்றுக்கு 3 பைட்டு. தொடர் ஒன்றுக்கு 40 குறியாக 1,000 தொடர் எழுதினும் 1,20,000 பைட்டே ஆகும். 4 மெகாபைட்டு நினைவகத்தில் அது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. சுருக்கி வைத்தால் இன்னும் குறையும். உலாவியோ, தன் உடையவர் விரும்பும் மொழி எதுவென்று வேண்டுகோளிலேயே தெரிவிக்கின்றது. தமிழ் வேண்டுமென்று வாயிலில் நிற்பவனுக்கு ஆங்கிலத்தை நீட்டுவது இயலாமையன்று, இகழ்ச்சி!

சான்று வேண்டுமா? லிங்க்சிசு நிறுவனத் திசைவியொன்றின் மூலநிரல் 2003-இல் வெளிவந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் எழுந்தது ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் கட்டற்ற மென்பொருள். அதன் மேலாண்மைப் பக்கங்களின் தொடர்கள் நிரலினின்று பிரிக்கப்பட்டு, மொழிக்கொரு கோப்பாக உள்ளன. இசுப்பெயினின் ஆட்சிக்குட்பட்ட காட்டலோனியரின் மொழிக்கும் அங்கே கோப்பு உண்டு. அவர்களுக்கு இடம் தந்த பெட்டி நமக்கு மட்டும் எங்ஙனம் சிறுத்துப்போகும்?

இது வெறும் மொழிப்பற்றின் முழக்கமன்று. 2016-இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத படக்கருவிகளையும் திசைவிகளையும் இலக்கக்கணக்கில் கைப்பற்றி, அவற்றையே படையாக்கி இணையத்தைத் தாக்கியது. கடவுச்சொல்லை மாற்றுக என்னும் எச்சரிக்கை, படிக்கவியலா மொழியில் இருப்பின் அஃது எச்சரிக்கையாகுமா? தன் வீட்டுக் கதவின் பூட்டைத் தானே அறியாதவன் எவ்வாறு அதனைக் காப்பான்?

1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த தமிழ்நாட்டரசு, தான் வாங்கும் ஒவ்வொரு கருவியிலும் தமிழ்ப் பக்கம் இருத்தல் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே வரையறுக்கட்டும். நிறுவனங்களில் நிரல் எழுதும் தமிழிளைஞரே! தொடர்களை நிரலுக்குள் புதைக்காதீர், தனிக்கோப்பில் வையுங்கள். தமிழ்க்கோப்பை நீங்களே எழுதுங்கள். பெட்டிக்குள் இடம் இருக்கின்றது. இல்லாதது நம் நெஞ்சுக்குள்தான்!