கடல் கடந்து ஒரு குடித்தனம்



பொருள் தேடி ஆண்கள் கடல் கடப்பதும், மனைவி மக்கள் ஊரிலிருந்து வழிபார்ப்பதும் நம் வீடுகளுக்குப் புதிதன்று. வளைகுடா நாடுகளுக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. ஆனால் அந்தமான் நம் நாட்டின் பகுதி. அங்கே குடும்பத்தோடு வாழ விசா வேண்டியதில்லை. அவ்வாறிருந்தும் செலவுக்கு அஞ்சித் தனியே செல்வோர் பலர்.

சென்னையில் எனக்கு அறிமுகமான சகோதரர் ஒருவருக்குப் போர்ட் பிளேரில் கணக்கர் வேலை கிடைத்தது. (அந்நகருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை அனைத்தையும் கொண்டுசெல்லக் கணக்குப் போட்டுப் பார்த்துத் திகைத்தார். நகையை வட்டிக்கு அடகு வைப்பதா, குடும்பத்தை விட்டுச் செல்வதா என்று கலங்கினார். அப்போது அவர் மனைவி கேட்டார்: "பீரோ வரவேண்டும் என்பதற்காகவா நாங்கள் வராமல் இருக்க வேண்டும்?"

அந்த ஒரு கேள்வியில் விடை இருந்தது. கனத்த பொருள்களை விற்றார்கள். அந்தப் பணமே பயணச் செலவுக்கு உதவியது. உப்புக்காற்றும் ஈரமும் மிகுந்த தீவில் இரும்புப் பீரோ விரைவில் துருப்பிடிக்கும். கட்டிலும் மேசையும் அங்கேயே வாங்கலாம். உடைகள், பாத்திரங்கள், கிரைண்டர், பிள்ளைகளின் நூல்கள், வழக்கமாக உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை எடுத்துச் சென்றால் போதும்.

சென்னையிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடலாம். கப்பலில் சுமார் மூன்று நாள் ஆகும். எனினும் மூட்டை முடிச்சுகளோடு செல்லும் குடும்பத்துக்குக் கப்பலின் பொதுப் படுக்கை வகுப்பே சிக்கனமானது. தீவுவாசி அடையாள அட்டை உடையோர்க்குள்ள கட்டணச் சலுகை புதிதாகச் செல்வோர்க்குக் கிடையாது; முழுக் கட்டணத்தையே கணக்கில் கொள்க. கப்பல் மாதத்தில் சில தடவைகளே புறப்படும். ஆகவே பயணச்சீட்டு உறுதியான பின்னரே வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளைக் குறிக்க வேண்டும்.

காலம் அறிந்து புறப்படுவதும் ஒரு சிக்கனமே. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுமுன், மே மாதத்திலேயே அந்தமானை அடைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் அச்சம் உண்டு. ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆனால் அவ்வளவு மழை பெய்யும் தீவிலும் கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு வருவதுண்டு. எனவே குடும்பத் தலைவர் முன்னதாகச் சென்று வீடு பார்க்கும்போது, வாடகையைக் கேட்குமுன் தண்ணீரைக் கேட்கட்டும்.

அரிசி, பருப்பு, வெங்காயம் முதலியவை பெரும்பாலும் கப்பலில் வருபவை. விலை கூடுதலாகவே இருக்கும். மீனும் தேங்காயும் உள்ளூரில் கிடைக்கும். பள்ளிகளில் மத்திய வாரியப் பாடத்திட்டம் உள்ளது. தமிழ்வழி வகுப்புகள் கொண்ட அரசுப் பள்ளிகளும் உண்டு. எல்லாப் பகுதிகளிலும் இல்லை. வீட்டையும் பள்ளியையும் ஒருசேரத் தேடுவது நலம். பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பெறாமல் கப்பல் ஏறாதீர்கள்.

"அறியாத ஊரில் பெண் பிள்ளைகளோடு எப்படி?" என்று தாய்மார்கள் அஞ்சுவர். அங்கே தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர், பள்ளிவாசல்களும் உண்டு. 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அத்தீவுக்குக் கைதிகளாக அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார் பலர், பின்னர்த் தம் மனைவி மக்களை வரவழைத்துக் குடியமர்ந்தனர். மஞ்சேரி, மன்னார்காடு என்னும் தம் ஊர்ப் பெயர்களையே தீவுக் கிராமங்களுக்கும் இட்டனர். சிறைப்பட்டுச் சென்றோர்க்கும் குடும்பம் வந்த பின்னரே அம்மண் ஊராயிற்று.

இறுதியாக ஒன்று. போகும் செலவைக் கணக்கிடுவோர் திரும்பும் செலவை மறந்துவிடுகின்றனர். ஊரில் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ உடல்நலம் குன்றினால் அன்று கப்பல் இராது. அவசர விமானச் சீட்டோ விலை மிகுந்தது. குறைந்தது ஒருவர் வந்து திரும்பும் விமானக் கட்டணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். வேறு எதற்காகவும் அதைத் தொடாதீர்கள். அந்தச் சகோதரர் இவ்வாறு வைத்திருந்தார். எட்டாம் மாதத்தில் தம் மாமியாரின் இறுதி நாள்களில் மனைவி அருகிருக்க அதுவே உதவியது. பீரோவை விற்ற பணம் அது.

அல்லாஹ் நம் குடும்பங்களைப் பிரியாது ஒன்றாக வாழச் செய்வானாக!