படிக்க இடம் உண்டு, படுக்க இடம் இல்லை

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அக்டோபர் வந்தால் வயிற்றைக் கலக்கும். குளிர்காலப் பருவம் தொடங்கும் மாதம் அது. அட்மிஷன் கையில் இருக்கிறது, விசா வந்துவிட்டது, விமானமும் தரையிறங்கிவிட்டது. இன்று ராத்திரி எங்கே படுப்பது என்பது மட்டும் தெரியாது.

அப்போது கைகொடுப்பது வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த ஏதோ ஒரு நம்பர். "அண்ணா, நான் திருச்சிண்ணா. ரூம் கிடைக்கிற வரைக்கும் ஒரு பத்து நாள் தங்கிக்கலாமா?" முகமே பார்த்திராத அந்த அண்ணா, பெரும்பாலும் "வாடா, பாத்துக்கலாம்" என்றுதான் சொல்கிறார். இரண்டு பேர் பெயரில் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஆறு பேர். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள். ஒரே குக்கர், காலை ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு முதல் சோறு. படியில் சத்தம் வராமல் ஏறு, பத்து மணிக்கு மேல் குளிக்காதே, ஹவுஸ் ஓனர் கேட்டால் விருந்துக்கு வந்தேன் என்று சொல் - சீனியர் முதல் நாளே நடத்தும் பாடங்கள் இவை. பெண் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு இடம் கொடுக்க ஓர் அக்கா கிடைக்க வேண்டும்.

நட்பு முளைப்பதும் இங்கேதான், மறுக்கவில்லை. இலங்கைத் தமிழர் கடையில் முருங்கைக்காய் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகச் சாம்பார் வைத்துச் சாப்பிட்டவர்கள், ஊர் திரும்பிய பிறகும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போய் நிற்கிறார்கள். ஆனால் ஒரு சீனியரின் நல்ல மனசை நம்பியே எல்லாம் ஓடலாமா? விஷயம் தெரிந்து ஓனர் அவனையே காலி செய்யச் சொன்னால், அவன் எந்த அண்ணாவுக்குப் போன் போடுவான்?

வீடு என்றால் கூரை மட்டுமில்லை. ஜெர்மன் சட்டப்படி, குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்று பெயர். அதற்கு வீட்டைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். ஒளிந்து தங்கும் ஜூனியருக்கு அதை யார் கொடுப்பார்கள்? பதிவு இல்லையென்றால் வருமான வரி எண் தபாலில் வராது. பகுதிநேர வேலையில் சிக்கல். சில வங்கிகள் கணக்கே திறக்காது. கணக்கு இல்லாவிட்டால், விசாவுக்காகக் கட்டி முடக்கிய 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வராது. அப்பா நிலத்தை அடமானம் வைத்து அனுப்பிய பணம், மகன் பெயரிலேயே இருக்கிறது. அவனோ மளிகைக்குக் கடன் கேட்கிறான். விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கவும் முகவரிதான் ஆதாரம்.

இந்தத் தவிப்பில்தான் மோசடிக்காரர்கள் காசு பார்க்கிறார்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பு, சாவியை கூரியரில் அனுப்புகிறேன்" என்ற கதையை நம்பி ஏமாறாத குழு கிடையாது. முகவரியை மட்டும் விலைக்குத் தருபவர்களும் உண்டு. குடியிருக்காத முகவரியை இப்படிக் கொடுப்பது அங்கே குற்றம். அபராதம் 50,000 யூரோ வரை போகலாம்.

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000க்கும் மேல். சீனாவையும் தாண்டி, வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம். 2022 நவம்பர் முதல், மாணவர் விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய் கட்டணம். மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்க ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்கிறது. பிள்ளை எங்கே தங்கப் போகிறான் என்று கேட்கத்தான் நாதியில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். லட்சக்கணக்கில் வாங்கும் நம்மூர் கன்சல்டன்சிகள்கூட, விமான டிக்கெட்டோடு கைகழுவிவிடுகின்றன.

தீர்வு கைக்கெட்டாதது இல்லை. வெளிநாட்டு மாணவர்களை அழைக்கும் பல்கலைக்கழகங்கள், முதல் பருவத்துக்காவது விடுதியில் இடம் ஒதுக்கட்டும். முடியாவிட்டால் அட்மிஷன் கடிதத்திலேயே வெளிப்படையாகச் சொல்லட்டும். கன்சல்டன்சிகள் தங்குமிட நிலவரத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அரசு விதி செய்யட்டும். தமிழக அரசு ஆண்டுதோறும் ஜனவரி 12-ஆம் தேதி அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறது. அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறையே இருக்கிறது. அந்தத் துறை, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையாவது மாணவர்களுக்கென ஓர் உதவி எண்ணை இயக்கலாம். அங்குள்ள தமிழ்ச் சங்கங்களோடு பேசி, பதிவுக்கடிதம் தரக்கூடிய தற்காலிகத் தங்குமிடங்களின் பட்டியலைத் தயாரிக்கலாம். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கத் தெரிந்த சங்கங்களுக்கு இது பெரிய காரியமில்லை.

அடுத்த பருவத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மியூனிக் போன்ற நகரங்களில் விடுதிக்காகப் பருவக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே விதிமுறை அனுமதிக்கும் முதல் நாளிலேயே 'ஸ்டுடியரெண்டன்வெர்க்' மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பதிவுக்கடிதம் தருவார்களா என்று கேட்டுவிட்டே ரூமுக்குச் சரி சொல்லுங்கள். நீங்களோ தெரிந்தவர் ஒருவரோ நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.