குற்றத் தடுப்பு என்பது சட்டமா, சாக்கா?

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? போலீஸ் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்." தொலைபேசி ஒட்டுக்கேட்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் உடனே வீசும் வாதம் இது. நம் அச்சத்தை அளப்பதற்கு முன் அரசின் அதிகாரத்தை அளக்க வேண்டும். குற்றத்தைத் துப்புத்துலக்குவதற்காக மட்டும் குடிமகனின் உரையாடலைக் கேட்கும் உரிமையைப் பொதுச் சட்டம் காவல்துறைக்குத் தந்திருக்கிறதா? தரவில்லை என்பதே என் வாதம்.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், பிரிவு 5(2), இரண்டு படிகளை வைத்தது. முதலில், பொது நெருக்கடி நிலவ வேண்டும். அல்லது பொதுப் பாதுகாப்பின் நலன் அதைக் கோர வேண்டும். அதன் பிறகே நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு, குற்றத் தூண்டுதலைத் தடுத்தல் முதலிய காரணங்கள் வரும். காவல்துறை முதற்படியைத் தாண்டிக் குதித்து, "குற்றம்" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அங்கும் சட்டம் சொல்வது தூண்டுதலைத் தடுப்பதை. நடந்த குற்றத்துக்குச் சான்று திரட்டுவதை அன்று.

1996இல் பியுசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பொது நெருக்கடியும் பொதுப் பாதுகாப்பும் மறைவான நிலைமைகள் அல்ல. நியாயமான எவர் கண்ணுக்கும் புலப்பட வேண்டியவை. பூட்டிய அறைக்குள் கைமாறும் லஞ்சம் இந்த வரையறைக்குள் எப்படி அடங்கும்? 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றமும், 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் லஞ்ச வழக்குகளில் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணைகளை ரத்து செய்தன. அதற்குச் சில நாள் முன்பு டெல்லி உயர் நீதிமன்றமோ, பெரும் ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று கூறி அத்தகைய ஆணையை ஏற்றது. ஊழல் கொடியது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கொடிய குற்றம் ஒவ்வொன்றும் பொதுப் பாதுகாப்புப் பிரச்சினை என்றால், சட்டம் வைத்த வாசற்படி எதற்கு?

இதற்கு மகாராஷ்டிரமே சான்று. திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிராக 1999இல் அம்மாநிலம் இயற்றிய மகோகா சட்டம், ஒட்டுக்கேட்புக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2008இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்றது. தந்திச் சட்டமே போதுமென்றால் தனிச் சட்டத்துக்குத் தேவை எங்கிருந்து வந்தது?

"மறுஆய்வுக் குழு இருக்கிறதே" என்பார்கள். ஆணையிடுபவர் உள்துறைச் செயலர். அதை ஆராய்பவர்களும் அரசுச் செயலர்களே. ஒரு நீதிபதிகூட இல்லை. இரு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் குழுவின் முன் ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வருகின்றன என்று 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு சுட்டிக்காட்டியது. எட்டு மணி நேரம் இடைவிடாது அமர்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. இதற்குப் பெயர் ஆய்வா?

ஒட்டுக்கேட்புக் கருவி குற்றவாளிகளின் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதுமில்லை. 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகியது அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன என்ற குற்றச்சாட்டினால்தான்.

2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். ஆயினும் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சொற்களையே சுமந்து வந்தது. 2024 விதிகளும் அதிகாரிகள் குழுவையே நிலைநிறுத்தின. முறைகேடாகப் பெற்ற ஒலிப்பதிவும் சான்றாகலாம் என்ற 1972ஆம் ஆண்டின் மல்கானி தீர்ப்பு இன்னும் காவல்துறைக்குக் கேடயமாக நிற்கிறது. மீறலுக்கு விலையில்லாதபோது விதியை யார் மதிப்பார்?

குற்றப் புலனாய்வுக்கு ஒட்டுக்கேட்பு இன்றியமையாதது என்று அரசு கருதினால், நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகக் கேட்கட்டும். எந்தெந்தக் குற்றங்களுக்கு என்று பட்டியலிடட்டும். நீதிபதியின் முன்அனுமதியைக் கட்டாயமாக்கட்டும். விதிமீறிப் பெற்ற பதிவு நீதிமன்றத்துக்குள் நுழையாது என்று எழுதட்டும். அதுவரை, சட்டத்தை மீறிக் குற்றத்தைத் தேடுகிறவர் கையில் இருப்பது அதிகாரம் மட்டுமே, சட்டம் அன்று.