விழுறதுக்கும் ஒரு படிப்பு இருக்கு மக்கா!

போன வாரம் இன்டர்னல் எக்ஸாம், அதனால ஐயா எஸ்கேப். இந்த வாரம் ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தோட வந்திருக்கேன். போலீஸுக்குப் போன் போட்டுடாதீங்க, சம்பவம் நடந்து ரொம்ப வருஷம் ஆச்சு!

ஏழாங்கிளாஸ் பெரிய லீவு. இடம், தூத்துக்குடி முத்துநகர் பீச். டிவியில ஜான் சீனாவைப் பார்த்துப் பார்த்து உடம்பெல்லாம் முறுக்கேறிப் போய்க் கிடந்த நேரம். என் சித்தப்பா பையனை அலேக்கா தோள்ல தூக்கி, ஒரு சுத்து சுத்தி, கீழே போட்டேன். மணல்தானேனு ஒரு தைரியம். அலை தொட்டுட்டுப் போன ஈர மண்ணு சிமென்ட் தரைக்குச் சித்தப்பன்னு யாருக்குத் தெரியும்? 'மளுக்'னு ஒரு சத்தம். அவனுக்குக் காறை எலும்பு போச்சு. ஆறு வாரம் கட்டு. எனக்கு சித்தி கையால வாரியல் பூசை!

ஃப்ளாஷ்பேக் ஓவர். அந்தப் பயலுக்கு இப்போ 19 வயசு. ஜிம்முக்குப் போய் உடம்பைத் தேத்தி, ஆளு சும்மா கிண்ணுனு இருக்கான். போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்குப் போன். "அண்ணே, நான் ரெஸ்லர் ஆகப் போறேன். ஜலந்தர் போறேன். வீட்ல நீதான் பேசணும்."

வீட்ல பூகம்பம். ஹார்பர்ல லாரி ஓட்டுற சித்தப்பா மூணு நாளா அவன்கூடப் பேசல. சித்தி எனக்குப் போன் போட்டு, "நீதாம்ல அவனுக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வச்ச. இப்ப நீயே புத்தி சொல்லு" அப்டின்னாங்க. சொல்றது சரிதானே!

'வேண்டாம்ல'னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். ஆனா, அங்க முதல் நாள் கிளாஸ்ல என்ன நடக்கும்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ரிங்ல ஏறினவனும் இல்ல. அதனால ட்ரெயினிங் எடுத்தவங்க பேட்டி, பயிற்சி வீடியோ, பழைய செய்திகள்னு ஒரு மாசம் தோண்டினேன். கிடைச்சது இதோ. அவனுக்கும், அவனை மாதிரி கனவோட இருக்கிற உங்களுக்கும்!

அதென்ன ஜலந்தர்?

தாத்தாக்களைக் கேட்டா தாராசிங் - கிங்காங் கதை சொல்வாங்க. பஞ்சாப்லேர்ந்து சிங்கப்பூருக்குப் போய் ரெஸ்லிங் கத்துக்கிட்ட தாராசிங், 1968-ல் பம்பாயில அமெரிக்காவோட லூ தெஸ்ஸை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனவர். நம்ம காலத்துக்கு கிரேட் காளி. நிஜப் பேரு தலிப் சிங் ராணா. இமாச்சலப் பிரதேசத்துல கல் உடைச்சு, செக்யூரிட்டி வேலை பார்த்து, பஞ்சாப் போலீஸ்ல சேர்ந்து, 2000-ல் கலிஃபோர்னியா ரெஸ்லிங் ஸ்கூலுக்குப் போனவர். 2006-ல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்குள்ள நுழைஞ்சு, 2007-ல் உலக ஹெவிவெயிட் சாம்பியன். அவர் 2015-ல் ஜலந்தர்ல ஆரம்பிச்சதுதான் 'கான்டினென்டல் ரெஸ்லிங் என்டர்டெயின்மென்ட்'ங்கிற பயிற்சிக் கூடம். நம்ம ஊர்லேர்ந்து ரயில் தண்டவாளக் கணக்குல மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல!

எல்லாம் டுபாக்கூர்தானே பாஸ்?

இதைக் கேட்காம யாரும் இந்தப் பேச்சைத் தாண்டினதில்ல. யார் ஜெயிப்பாங்கனு முன்கூட்டியே முடிவு பண்றாங்க, அது உண்மைதான். அந்தக் கம்பெனியே 1989-ல் அமெரிக்காவுல நியூஜெர்ஸி மாநிலத்துக்கிட்ட 'எங்களுடையது பொழுதுபோக்கு, போட்டி இல்லை'னு ஒப்புக்கிச்சு. ஆனா யார் ஜெயிப்பாங்கனுதான் எழுதி வைக்க முடியும். தரையை எழுதி வைக்க முடியாது. ரிங்குங்கிறது இரும்புச் சட்டம், அதுமேல மரப்பலகை, அதுமேல மெல்லிசா ஒரு ஃபோம், அதுமேல கேன்வாஸ் துணி. அவ்ளோதான். மெத்தைனு நினைச்சுப் போய் விழுந்தா டரியல் ஆயிடுவீங்க.

முதல் நாள்: பஸ்கி!

ரிங்ல ஏறிக் குதிக்கலாம்னு ஆசையாப் போவீங்க. ரிங் ஒரு ஓரமா சிவனேன்னு இருக்கும். உங்களைக் கீழே நிறுத்தி பஸ்கி போடச் சொல்லுவாங்க. ஆமா மக்களே, நம்ம ஊர் கர்லாக்கட்டைக் கூடத்துல தாத்தாக்கள் போட்ட அதே பஸ்கி, அதே தண்டால். காமா பயில்வான் (1878-1960) மாதிரியான மல்லர்கள் இதுலயே உடம்பை வளர்த்தவங்க. கார்ல் காட்ச்ங்கிற ஐரோப்பிய ரெஸ்லர் இதைப் பிடிச்சுக்கிட்டு ஜப்பான் வரைக்கும் கொண்டுபோனார். உலகம் பூரா ரெஸ்லிங் ஸ்கூல்ல இதுக்குப் பேரு 'ஹிந்து ஸ்குவாட்', தண்டாலுக்கு 'ஹிந்து புஷ்-அப்'. நாம விட்டதை அவங்க இன்னும் விடல!

1972-ல் அன்டோனியோ இனோக்கி ஆரம்பிச்ச நியூ ஜப்பான் கம்பெனியில புதுப்பசங்க பயிற்சிக் கூடத்துலயே தங்கணும். நூத்துக்கணக்குல பஸ்கி போடணும். அதோட கூட்டிப் பெருக்கணும், சமைக்கணும், சீனியர் துணியைத் துவைக்கணும். 'நான் ஸ்டார் ஆக வந்தேன்'னு சொல்றவங்க இங்கயே கழண்டுக்குவாங்க. கால் நடுங்கும், வாந்தி வரும், மறுநாள் படி இறங்க முடியாது. காரணம் சிம்பிள். களைச்சுப்போன உடம்பு தப்பா விழும். தப்பா விழுந்தா அடி. அதனால மூச்சு நின்னு பேசுற வரைக்கும் ரிங் கிடையாது.

அடுத்து: விழு, எழு, விழு...

ரிங்ல ஏத்தினதும் சொல்லித் தர்ற முதல் பாடம் அடிக்கிறது இல்ல, விழுறது. அதுக்குப் பேரு 'பம்ப்'. தாடையை நெஞ்சோட ஒட்டி வச்சுக்கணும், பின்மண்டை தரையைத் தொடவே கூடாது. மேல்முதுகு அகலமாத் தரையில படணும். அதே நொடியில ரெண்டு கையும் விரிஞ்சு, உள்ளங்கை தரையை 'பட்'டுனு அறையணும். மூச்சை வெளியே விடணும். மறந்தும் கையை ஊன்றக் கூடாது. ஊன்றினா மணிக்கட்டோ முழங்கையோ காலி.

இங்கதான் நான் அரியர் வச்ச இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் உதவிச்சு. ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து விழுந்தா, தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். அந்த அடியை ஒரு முழங்கை மட்டும் வாங்கினா எலும்பு தாங்காது. முதுகும் கையுமா பரத்தி வாங்கினா, அதே விசை பெரிய பரப்புக்குப் பிரிஞ்சுடும், அழுத்தம் குறையும். அடியில இருக்கிற பலகை கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கிறதும் அடியை மெதுவாக்கும். புரொஃபசர் போர்டுல எழுதினப்போ தூங்கினவனுக்கு, தம்பியோட காறை எலும்பு ஏன் போச்சுன்னு இப்போ புரியுது. அவன் தோள் முனையில விழுந்தான். எப்படி விழணும்னு அவனுக்குத் தெரியாது. எப்படிப் போடணும்னு எனக்கும் தெரியாது.

அப்புறம் கயிறு. டிவியில ரப்பர் மாதிரி துள்ளும். பல ரிங்ல அது ரப்பர் குழாய்க்குள்ள போன இரும்புக் கம்பி. ஓடிவந்து சாஞ்சு திரும்பினா, முதல் வாரம் அக்குள் பக்கமும் முதுகும் நீலம் பாரிச்சுடும். சட்டை போடவே எரியும். இது எல்லாருக்கும் வர்றதுதான், பயப்படாதீங்க.

கயிறு பிடிக்கிற மச்சான்

இப்போ மெயின் மேட்டர். ஜோடி போட்டுப் பிடி போட ஆரம்பிப்பீங்க. அமெரிக்க முறையில தலையைப் பிடிச்சாலும் கையைப் பிடிச்சாலும் பெரும்பாலும் இடது பக்கம்தான் பிடிப்பாங்க. முன்னப்பின்னத் தெரியாத ரெண்டு பேர் மோதினாலும் குழப்பம் வரக் கூடாதுங்கிறதுக்காக. உள்ளே நுழைஞ்சதும் எல்லார்கிட்டயும் கை குலுக்குறது ஒரு மரியாதை. அதுவும் மென்மையா. நசுக்கிக் காட்டினா, 'இவன் ரிங்லயும் இப்படித்தான்'னு முடிவு பண்ணிடுவாங்க.

ஏன் இவ்வளவு பண்பாடு? நம்ம ஊர்க்காரங்களுக்கு ஈஸியாப் புரியும். 1961-க்கு அப்புறம் நம்ம கடல்ல முத்துக்குளிப்பு நடக்கல. ஆனா கதை இன்னும் இருக்கு. குளியாளி கல்லைப் பிடிச்சுக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்குவார். படகுல ஒருத்தர் கயித்தைப் பிடிச்சிருப்பார். கீழேர்ந்து கயிறு அசைஞ்சதும் மேலே இழுக்கணும். ஒரு நிமிஷம் அசந்தா ஆள் காலி. அதனால அந்த வேலைக்கு மச்சானை நிறுத்துவாங்கனு ஊர்ல சொல்லுவாங்க. தன் கூடப்பிறந்தவளோட தாலி அந்தக் கயித்துலதான் தொங்குதுன்னு அவருக்குத் தெரியுமே!

ரிங்ல உங்க எதிராளிதான் அந்த மச்சான். அவர் உங்களைத் தலைக்கு மேல தூக்கியிருக்கும்போது உங்க கழுத்து அவர் பொறுப்பு. நீங்க தூக்கும்போது அவர் கழுத்து உங்க பொறுப்பு. 'எதிரி'யைப் பத்திரமா வீட்டுக்கு அனுப்பத் தெரிஞ்சவர்தான் அங்க நல்ல ரெஸ்லர்.

தலையில பட்டா... ஸ்டாப்!

இது காமெடி இல்ல. காளி படிச்ச அதே கலிஃபோர்னியா ஸ்கூல்ல 2001-ல் ஒரு மாணவர் பயிற்சியிலயே தலையில அடிபட்டு இறந்தார். அன்னிக்கு அவரோட ஜோடியாப் பயிற்சி செஞ்சவர் காளிதான். அந்த மாணவருக்கு முன்னாடியே பயிற்சியில ஒரு தடவை மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கு. அதுக்கப்புறமும் பயிற்சி தொடர்ந்திருக்கு. வழக்கு நடந்து, 2005-ல் அந்த ஸ்கூல்தான் பொறுப்புன்னு தீர்ப்பாகி, 13 லட்சம் டாலருக்கு மேல நஷ்டஈடு கொடுக்கச் சொன்னாங்க.

அதனால, தலையில பட்ட பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, வெளிச்சம் பட்டா கூசுறது, என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்லாம போறது... இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா டாக்டர்கிட்ட போங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ரிங் பக்கம் போகக் கூடாது. 'ஆம்பளையாடா நீ, எந்திரி'னு ஒரு மாஸ்டர் சொன்னா, செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே வந்துடுங்க.

சேர்றதுக்கு முன்னாடி...

* ஒரு நாள் ஓரமா உட்கார்ந்து கிளாஸைப் பாருங்க. புதுப்பசங்களை முதல் நாளே தூக்கிப் போடுறாங்களா? அப்போ அது ஸ்கூல் இல்ல.
* சொல்லித் தர்றவர் யார், எங்கெல்லாம் மேட்ச் ஆடியிருக்கார், அடிபட்டா முதலுதவி யார், செலவு யாருது... எல்லாத்தையும் கேளுங்க. ஃபீஸ் விவரத்தை எழுத்துல வாங்குங்க.
* ஊர்லயே அடித்தளம் போடுங்க. ஜூடோ கத்துக்கிட்டா விழுற கலை பாதி வந்துடும். மல்யுத்தம், கபடி, ஜிம்னாஸ்டிக்ஸ் எதுவும் வீண் போகாது. ஹரியானாவோட கவிதா தேவி 2016 தெற்காசியப் போட்டியில எடைதூக்கி தங்கம் வாங்கினவர். அந்த பலத்தோடதான் ஜலந்தர்ல பயிற்சி எடுத்தார். 2017-ல் சல்வார் கமீஸ் போட்டுக்கிட்டு டபிள்யூ.டபிள்யூ.ஈ. ரிங்ல இறங்கின முதல் இந்தியப் பெண் அவர்தான். தோழிகளே, கவனிச்சீங்களா?
* மைக் பிடிச்சுப் பேசவும் பழகணும். ஊரே சிரிக்கணும், இல்ல ஊரே திட்டணும். கூத்துல கட்டியக்காரன் பண்றானே, அந்த வேலை!
* டிகிரியை விடாதீங்க. சேர்றவங்கள்ல டிவி வரைக்கும் போறவங்க ரொம்பக் கொஞ்சம். முட்டி ஒருநாள் 'போதும்'னு சொல்லிடும், சர்ட்டிஃபிகேட் சொல்லாது.

கடைசியா என்னாச்சு?

இதை எழுதி முடிச்சு முதல்ல தம்பிக்குத்தான் காட்டினேன். அதே பீச். படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டான்: "அண்ணே, அந்த ஆளு செத்தது நிஜமா?" நிஜம்னு சொன்னேன். "அப்பாக்குத் தெரியுமா?" தெரியாது. "நானே சொல்லிடுறேன். மறைச்சுட்டுப் போனா, நாளைக்கு எதுனா ஆச்சுன்னா அவர் உன்னையதான் பிடிப்பாரு."

சொல்லிட்டான். சித்தப்பா அன்னிக்குத்தான் அவன்கிட்ட வாயைத் திறந்தார். பஞ்சாயத்துத் தீர்ப்பு இதுதான்: முதல்ல டிகிரி முடியணும். அதுவரைக்கும் திருநெல்வேலியோ மதுரையோ, எங்க கிடைக்குதோ அங்க ஜூடோ. தினம் பஸ்கி. அப்பவும் ஆசை இருந்தா, ஜலந்தருக்கு சித்தப்பாவே கூடப் போய் ஒரு கிளாஸைப் பார்த்துட்டு வருவார். அவர் லாரில போலாம்னு சொன்னது ஜோக்கான்னு இன்னும் தெரியல!

நேத்து சாயங்காலம் அவன் பஸ்கி போட்டான், நான் எண்ணினேன். 200. நானும் டிரை பண்ணி 40-ல் கவுந்துட்டேன். இன்னிக்கு ஹாஸ்டல் படியைப் பின்பக்கமா இறங்கிட்டு இருக்கேன்.

ஆமா, காறை எலும்பு போனதுக்கு அவன்கிட்ட நான் ஸாரியே சொன்னதில்ல. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அச்சுல சொல்லிடுறேன். ஸாரிடா தம்பி. அன்னிக்குக் கயிறு என் கையிலதான் இருந்துச்சு.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்கா... வர்ட்டா!